பழைய றலியும் பிழைத்த அளவும்

2022 இல் பெற்றோலுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றதை வியாபாரிகள் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். வீட்டு மூலையில் துருப்பிடித்துக் கிடந்த துவிச்சக்கர வண்டிகளுக்கெல்லாம் அப்போது மவுசு வந்தது. எனது உதிரிப்பாகக் கடைக்கும் நல்ல காலம். அந்த உற்சாகத்தில்தான் நான் கையைச் சுட்டுக்கொண்டேன்.

வாடிக்கையாளர் ஒருவர், இங்கிலாந்தில் அவரது மாமா எழுபதுகளில் ஓடிய றலி ரேசர் பிரேம் ஒன்றைக் கொண்டு வந்தார். "பிரேம் இருக்கு, மத்த சாமான் எல்லாம் புதுசாப் போட்டுத் தாங்க நானா" என்றார். அளவுகோலைக் கையில் எடுக்காமலேயே விலை சொல்லி, முற்பணமும் வாங்கிவிட்டேன்.

முதலில் சில்லு. அந்த ரேசருக்கு 27 அங்குலச் சில்லு. றிம்மில் டயர் அமரும் விட்டம் 630 மில்லிமீற்றர். இப்போது தாராளமாகக் கிடைப்பது 700சி. அதன் விட்டம் 622. பெயரைப் பார்த்தால் பெரிது போலத் தோன்றும், உண்மையில் சிறியது. எனவே பிரேக் கட்டை 4 மில்லிமீற்றர் கீழே இறங்க வேண்டும். நான் வாங்கி வைத்திருந்த விலை கூடிய பிரேக் எட்டுவதோ 39 முதல் 49 மில்லிமீற்றர் வரைதான். கட்டை றிம்மைத் தொடவேயில்லை. அடுத்த தலையிடி பின் ஹப். பிரேமில் அது அமரும் இடைவெளி 120, புதிய ஹப் 130. இரும்புப் பிரேம் என்பதால் இரு பக்கமும் 5 மில்லிமீற்றர் வீதம் விரித்து நேர்படுத்த முடிந்தது. அலுமினியத்தில் இந்த வேலைக்குப் போகவே கூடாது.

பெடல் அச்சு இன்னொரு கதை. நொட்டிங்ஹாமில் செய்த றலிகள் பலவற்றில் அச்சுக் கிண்ணத்தின் மரை அங்குலத்துக்கு 26. வழமையான ஆங்கில அளவு 24. புதிய கிண்ணம் இரண்டு சுற்றுடன் இறுகி நின்றது. பலவந்தப்படுத்தியிருந்தால் பிரேமே வீண். நல்ல வேளை, பழைய கிண்ணங்கள் தேயாமல் இருந்தன. பக்கத்துக்கு 11 வீதம் கால் அங்குலக் குண்டு மாற்றி, கிறீஸ் போட்டுப் பூட்டினேன். முழு வேலையிலும் செலவு குறைந்தது இதில் மட்டும்தான். அதே காலத்து வண்டி ஒன்றை முழுதாக வாங்கிக் கழற்றியிருந்தால் எல்லாமே மலிவாக முடிந்திருக்கும்.

இவையெல்லாம் காசு போட்டால் சரிவரும். ஆளுக்குப் பிரேம் பொருந்தாவிட்டால் என்ன செய்வது? அது இருபத்து மூன்றரை அங்குலப் பிரேம். அவரோ ஐந்தடி நாலங்குலம். பாருக்கு இரு பக்கமும் கால் வைத்து நின்றால் மேலே ஓரங்குலமாவது இடைவெளி வேண்டும். அவருக்குக் குதிக்கால் நிலத்தில் படவில்லை. சீட்டை அடி வரை இறக்கியும், ஹேண்டில் தண்டைக் கட்டையாக மாற்றியும் பார்த்தேன். ஒரு வாரம் ஓடிவிட்டுக் கழுத்து வலியோடு திரும்பி வந்தார். முற்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். மாமாவின் வண்டி வேறு கைக்குப் போவதில்தான் அவருக்கு அதிக வருத்தம். ஆறு மாதத்தின் பின் உயரமான ஒருவர் அதைச் சாமான் விலைக்கு வாங்கிச் சென்றார். பிரேமின் பெறுமதியை முன்னவரிடம் ஒப்படைத்தேன். கூலி எனக்கு நட்டம்.

இப்போதெல்லாம் ஆளின் கால் நீளத்தை முதலில் அளக்கிறேன், பிரேமை அடுத்ததாக. அதற்குத் தனியாகக் கூலியும் கேட்கிறேன். சிலர் முகம் சுளித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகிறார்கள்.