அடுத்து எந்தப் படம் டிஸ்க்கில் வரும்?

பொத்தேரி ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் மாசத்துக்கு ஒருமுறை நாங்க மூணு பேர் கூடுவோம். ஒருத்தர் நூலகத்தில் வேலை பார்ப்பவர், வயசில் மூத்தவர், எங்களுக்கு அண்ணன். இன்னொருத்தன் எதிரே இருக்கும் பல்கலைக்கழகத்தில் எம்.டெக். படிக்கும் தம்பி. மூணு பேருக்கும் ஒரே கிறுக்கு: பழைய உலகப் படங்களின் டிஸ்க்குகளைச் சேர்ப்பது. உண்மையைச் சொன்னால், வாங்குவதைவிட அடுத்து எது வரும் என்று ஊகிப்பதில்தான் எங்களுக்குப் பொழுது அதிகம் போகும்.

போன முறை தம்பி ஒரு கேள்வி கேட்டான். "இத்தாலி, ஜப்பான், ஈரான்னு எல்லாத்தையும் பேசுறோம். நம்ம தமிழ்ப் படம் எப்போ வரும்னு ஒருதடவையாவது யோசிச்சிருக்கோமாண்ணே?" அண்ணன் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார், பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்கு நான் தேடிய பதில்தான் இந்தக் குறிப்பு.

முதலில், ஊகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். இது கிளி ஜோசியம் இல்லை. நியூயார்க்கைச் சேர்ந்த க்ரைட்டீரியன் நிறுவனம் மாத நடுவில், சுமார் மூன்று மாதம் கழித்து வரப்போகும் படங்களை அறிவிக்கும். புத்தாண்டுக்கு ஒரு கோட்டுச் சித்திரத்தையும் வெளியிடும். அந்த ஆண்டு வரவிருக்கும் படங்களுக்கான குறிப்புகள் அதில் ஒளிந்திருக்கும். உலகம் முழுக்கச் சேகரிப்பாளர்கள் அதை விடுகதை மாதிரி அவிழ்ப்பார்கள். அது விளையாட்டு. நிஜமான அடையாளங்கள் மூன்று.

ஒன்று, மூலப் பிரதி. கேமராவில் ஓடிய அசல் நெகட்டிவ் இருக்கிறதா? இல்லையென்றால் அதிலிருந்து எடுத்த டூப் நெகட்டிவோ, தியேட்டரில் ஓடிய பிரிண்டோ மிஞ்சியிருக்கிறதா?

இரண்டு, உரிமை. கையெழுத்துப் போட ஒரு ஆள் வேண்டும். தயாரிப்பாளர் இறந்து, வாரிசுகள் நாலு பக்கம் பிரிந்துபோன படத்தை எந்த வெளிநாட்டு நிறுவனமும் எளிதில் தொடாது.

மூன்று, மீட்டெடுப்பு. கான் விழாவின் கிளாசிக்ஸ் பிரிவிலோ, இத்தாலியின் பொலோனா நகரில் கோடையில் நடக்கும் பழைய படங்களின் விழாவிலோ ஒரு படம் புதுப்பொலிவோடு திரையிடப்பட்டால் காதைத் தீட்டிக்கொள்ளலாம். அதற்குப் பிறகு ஜானஸ் பிலிம்ஸ் அதை அமெரிக்கத் தியேட்டர்களுக்குக் கொண்டுபோனால், பெரும்பாலும் க்ரைட்டீரியன் டிஸ்க் வந்துவிடும்.

சத்யஜித் ராயை வைத்து இதைச் சரிபார்க்கலாம். மகாநகர் (1963), சாருலதா (1964), நாயக் (1966) மூன்றையும் தயாரித்தவர் ஆர்.டி.பன்சால். உரிமை அந்தக் குடும்பத்திடமே இருந்தது, படங்களை மீட்டெடுக்கவும் அவர்கள் முன்வந்தார்கள். முதல் இரண்டும் 2013இல் டிஸ்க்காக வந்தன, நாயக் 2018இல். அபு முப்படங்களின் கதை வேறு. 1993இல் லண்டன் லேப் ஒன்றில் பிடித்த தீயில் அவற்றின் நெகட்டிவ்கள் கருகின. மிஞ்சியதை யாரும் குப்பையில் போடவில்லை. அமெரிக்காவின் ஆஸ்கர் அகாடமி அந்தச் சுருள்களைப் பத்திரப்படுத்தியது. இருபது ஆண்டு கழித்து பொலோனாவின் லேப் அவற்றை ரசாயனத்தில் ஊறவைத்து மெதுவாக்கி, ஓரத்துத் துளைகளைக் கையாலேயே சரிசெய்து ஸ்கேன் செய்தது. சரிசெய்ய முடியாத பகுதிகளை வேறு பிரதிகளிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். 2015இல் டிஸ்க் வந்தது.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். மெட்ராஸில் எடுத்த ஒரு படம் அந்த வரிசையில் இருக்கிறது: உதய் சங்கரின் கல்பனா (1948). ஜெமினி ஸ்டூடியோவில் எடுத்த இந்திப் படம், நம்ம பத்மினி முதன்முதலில் திரையில் ஆடியது இதில்தான். மார்ட்டின் ஸ்கார்செஸியின் உலக சினிமா திட்டம் அதை மீட்டெடுக்க, 2012இல் கானில் திரையிட்டார்கள். டிஸ்க் வந்தது 2022இல், ஆறு படங்கள் அடங்கிய நான்காவது பெட்டியில். நடுவே பத்து வருஷம். அதனால்தான் அண்ணன் எப்போதும் சொல்வார், "கான்ல வந்துடுச்சுன்னு உடனே பணத்தை எடுத்து வைக்காதீங்கப்பா."

தமிழ் பேசும் படமும் ஒன்று உண்டு. 2015இல் கானில் தங்கப்பனை வாங்கிய தீபன். ஷோபாசக்தி நடித்தது, பெரும்பாலும் தமிழிலேயே பேசுவது. 2017இல் டிஸ்க் வந்தது. ஆனால் அது ழாக் ஓடியார் எடுத்த பிரெஞ்சுப் படம். நம் ஆட்கள் எடுத்த தமிழ்ப் படம் எதையும் நான் அந்தப் பட்டியலில் பார்த்ததில்லை.

ஏன் இல்லை? தரக்குறைவு என்று சொல்ல மாட்டேன். மூன்று அடையாளங்களையும் தமிழ்ப் படத்துக்குப் பொருத்திப் பார்த்தால், முதல் இரண்டிலேயே மாட்டிக்கொள்கிறோம். முதல் தமிழ்ப் பேசும் படமான காளிதாஸ் (1931) இன்று பார்க்கக் கிடைக்காது. அது பழைய கதை என்றால், வீடு (1988) நேற்று எடுத்த படம். அதன் நெகட்டிவே போய்விட்டது என்று பாலு மகேந்திரா கடைசிக் காலத்தில் மேடைகளில் ஆதங்கப்பட்டார், தமிழ்நாட்டுக்கு ஒரு திரைப்பட ஆவணக்காப்பகம் வேண்டும் என்றும் கேட்டார். 2014இல் அவர் போய்ச் சேர்ந்தார்.

மீட்டெடுப்பே இங்கே நடக்கவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. கர்ணன் (1964) 2012இல் டிஜிட்டலில் மெருகேறி வந்தபோது தியேட்டரில் கூட்டம் அலைமோதியது. அது மறுவெளியீட்டு வியாபாரம். நல்ல டிஸ்க், சரியான சப்டைட்டில், படம் பற்றிய கட்டுரை என்று அடுத்த படிக்கு அந்த உற்சாகம் போகவில்லை. டிஸ்க் என்றால் நமக்கு மலிவு விலைச் சரக்கு. மோசர் பேர் 28 ரூபாய்க்கு விசிடியும் 34 ரூபாய்க்கு டிவிடியும் விற்ற காலம் ஞாபகம் இருக்குல்ல? வீட்டுக்கு வீடு படம் போய்ச் சேர்ந்தது, அது நல்ல விஷயம்தான். ஆனால் விசிடியின் ஒரு ஃபிரேமில் இருப்பது 352க்கு 288, அதாவது சுமார் ஒரு லட்சம் புள்ளிகள். 4கே டிஸ்க்கில் சுமார் 83 லட்சம். பல பழைய படங்களுக்கு நம் வீட்டில் இருக்கும் ஒரே பிரதி அந்த ஒரு லட்சம் புள்ளிதான். விசிடி பாக்கெட்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டு படத்தையே காப்பாற்றிவிட்டதாக நானும் பல வருஷம் நினைத்திருந்தேன்.

இதில் எனக்கு நம்பிக்கை தருவது அரவிந்தனின் தம்பு (1978). அதற்கும் அசல் நெகட்டிவ் இல்லை. புனே ஆவணக்காப்பகத்தில் இருந்த ஒரு 35 எம்.எம். பிரிண்டிலிருந்து எடுத்த டூப் நெகட்டிவை வைத்து, பிலிம் ஹெரிடேஜ் பவுண்டேஷன் முன்னின்று மீட்டெடுத்தது. 2022இல் கானுக்குப் போனது. அந்த வேலையில் பெரும்பங்கு எங்கே நடந்தது தெரியுமா? பொலோனா லேபோடு சேர்ந்து, நம்ம சென்னை பிரசாத்தில். பொத்தேரியிலிருந்து மின்சார ரயிலில் கோடம்பாக்கம் போய் இறங்கி ஆட்டோ பிடித்தால் வந்துவிடும் தூரம். மலையாளப் படத்தைக் காப்பாற்றும் கருவியும் கைத்திறனும் நம்ம ஊரில் இருக்கு. பிரிண்டைத் தேடிப் பிடித்து, உரிமைக்காரரைச் சம்மதிக்கவைத்து அங்கே கொண்டுபோகும் ஆள்தான் வேண்டும்.

புதிதாகச் சேர்க்க ஆரம்பிப்பவர்களுக்கு ஒரு விஷயம். புளூரேயில் இந்தியா சி மண்டலம், க்ரைட்டீரியன் புளூரே பெரும்பாலும் ஏ மண்டலம். இங்கே வாங்கிய சாதாரண பிளேயரில் போட்டால் ஓடாது. 4கே டிஸ்க்குக்கு மண்டலப் பூட்டு கிடையாது. இதைத் தெரிந்துகொள்ளாமல் முதல் டிஸ்க்கை வரவழைத்து, கவரை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான்.

இந்த மாசம் டீக்கடையில் தம்பிக்குப் பதில் சொன்னேன். எப்போ வரும் என்று ஊகிக்க நமக்கு இன்னும் தகுதி வரவில்லை, முதலில் எங்கே இருக்கு என்று தேடணும். அண்ணன் பையிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்தார். ஏற்கெனவே கோடு போட்டு வைத்திருந்தார்: படம், பிரதி எங்கே, உரிமை யாரிடம், பேசியாச்சா. முதல் வரியில் ஜான் ஆபிரகாமின் அக்ரஹாரத்தில் கழுதை (1977) என்று எழுதினார். தேசிய விருது வாங்கிய படம். தூர்தர்ஷனில் போடுவதாக அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் நிறுத்திய படம். அடுத்த வரியில் வீடு.

"மத்த கட்டமெல்லாம் காலியா இருக்கேண்ணே" என்றான் தம்பி.

"ரயில் பாஸ் வச்சிருக்கேல்ல, கோடம்பாக்கம் வரைக்கும் போய்ட்டு வா" என்றார் அண்ணன். சனிக்கிழமை மூணு பேருமே போகிறோம்.