ஆள் பின்தொடராத விசைக் கலப்பை

சங்கக் கிடங்குகளில் மூலையில் சாய்த்து வைக்கப்பட்ட விசைக் கலப்பை ஒன்றைக் காண்பது அரிதன்று. 'பவர் டில்லர்' என்று அங்கத்தினர்கள் வழங்கும் அந்த யந்திரத்தில் உழுபற்கள் தேய்ந்திருக்கும். எஞ்சினும் பல்சக்கரப் பெட்டியும் நன்றாகவே இருக்கக்கூடும். அதனைப் பழைய இரும்பின் விலைக்கு ஏலம் விடுமுன், தொலைவிலிருந்து இயக்கத்தக்க ரோபோ வண்டிக்கு அடிப்பாகமாக மாற்றலாமா என்று ஆராய்வது நலம்.

இது வெறுங்கற்பனை அன்று. நமக்கு அண்மையிலுள்ள ஆவடியில், பாதுகாப்புத் துறையின் போர் ஊர்தி ஆராய்ச்சிக் கூடம், 'பி.எம்.பி.-2' என்னும் ராணுவ ஊர்தியை அடிப்படையாகக் கொண்டு 'முந்த்ரா' என்ற ஆளில்லா ஊர்தியை அமைத்து 2017இல் வெளியிட்டது. ஓட்டுநரின் கையும் காலும் செய்த வேலையை வேறு கருவிகளிடம் ஒப்படைத்ததே அங்கு நடந்த மாற்றத்தின் சாரம்.

பயிர்த்தொழிலில் இதன் தேவை யாது? ஓர் ஏக்கரை இரண்டடி அகலப் பட்டைகளாக உழுதால், கலப்பையின் பின்னே செல்பவர் 21,780 அடி, அதாவது ஆறரைக் கிலோமீட்டருக்கு மேல் நடக்கவேண்டும். பூச்சிமருந்து தெளிப்பவர் நிலை இதனினும் கொடிது. தாம் விசிறிய நஞ்சினூடேயே அவர் நடக்கிறார். தொட்டியையும் தெளிப்பானையும் வண்டி சுமந்து செல்ல, அவர் காற்று வரும் திசையில் வரப்பின்மேல் நிற்பாராயின், அந்நஞ்சு அவர் நெஞ்சுக்குள் செல்வது பெரிதும் குறையும். இம்முயற்சிக்குச் சங்கப் பணத்தைச் செலவிட இந்த ஒரு காரணமே போதும் என்பது என் கருத்து.

விசைக் கலப்பை இதற்கு ஏற்றதாவது அதன் திரும்பும் முறையால். கைப்பிடிகளின் கீழ் இரண்டு சிறு நெம்புகோல்கள் உண்டு. இடப்பக்கத்தை அழுத்தினால் இடச்சக்கரத்துக்குச் செல்லும் விசை அறும். வலச்சக்கரம் மட்டும் தள்ள, யந்திரம் இடப்புறம் திரும்பும். குழித்தறியில் இடக்கால், வலக்கால் மிதிகளை மாற்றி மாற்றி மிதிக்கும் நெசவாளருக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. இவ்விரு நெம்புகோல்கள், பிரதான கிளட்ச், எஞ்சினின் வேகப்பிடி ஆகிய நான்கையும் இழுக்க, 12 வோல்ட் பாட்டரியில் நீண்டு குறுகும் மோட்டார்த் தண்டுகள் நான்கு போதும். உழுபற்களை அடியோடு கழற்றிவிட வேண்டும். ஆளில்லா வண்டியில் சுழலும் இரும்புக்கு இடமில்லை. இரு சக்கரங்களில் யந்திரம் தானே நில்லாதாகையால், பின்னே எப்பக்கமும் திரும்பக்கூடிய சிறு சக்கரம் ஒன்றைப் பொருத்த வேண்டும். மோட்டார்த் தொழில் வேரூன்றிய எண்ணூர், திருவொற்றியூர்ப் பகுதியில் இவ்வேலையைச் செய்யத்தக்க கடைசல் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை.

ஒன்றை மறத்தலாகாது. சரிவில் இறங்கும்போது யந்திரம் தன் எடையாலேயே ஓடுகிறது; எஞ்சின் அதனைப் பிடித்து நிறுத்துகிறது. அப்போது இடப்பிடியை அழுத்தினால் இடச்சக்கரம் கட்டவிழ்ந்து விரைய, யந்திரம் வலப்புறம் திரும்பும்! கையால் ஓட்டிப் பழகியவர் இதனை அறிவர்; ரேடியோப் பெட்டியைக் கையில் பிடித்த இளைஞர் அறியார். ஆகவே கொசஸ்தலையாற்றங்கரைச் சரிவுகளில் இவ்வண்டியை ஆளின்றி இறக்குதல் கூடாது.

நிறுத்தும் ஏற்பாட்டை முதலில் அமைத்து, ஓட்டும் ஏற்பாட்டைப் பின்னர் அமைக்க வேண்டும். டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லை. மின்சாரத்தைத் துண்டித்தால் அது நில்லாது. எண்ணெய் செல்லும் வழியை அடைக்க வேண்டும். அதற்குரிய நெம்புகோலை ஸ்பிரிங் ஒன்று எப்போதும் நிறுத்தும் பக்கமே இழுத்துக்கொண்டிருக்க, ரேடியோக் கட்டளை வந்துகொண்டிருக்கும் வரையில் மட்டும் மின்காந்தம் ஒன்று அதனைத் தடுத்துப் பிடித்திருக்க வேண்டும். கம்பி அறுந்தாலும், பாட்டரி தீர்ந்தாலும் எஞ்சின் தானே நிற்கும். வள்ளூரில் உப்புக் காற்றும் சாம்பல் தூசியும் மின்முனைகளை விரைவில் அரித்துவிடுமாதலால் இஃது இன்றியமையாதது. தொடர்பு அறுந்தபின் கடைசிக் கட்டளையையே விடாமல் கொடுக்கும் ரேடியோப் பெட்டிகளும் உண்டு. சக்கரங்களைத் தரையினின்றும் உயர்த்தி வைத்து ஓடவிட்டு, கைப்பெட்டியை அணைத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

வண்டி தானே வழியறிந்து செல்லாதா என்று கேட்பவர் உண்டு. கைப்பேசியின் இடங்காட்டும் கருவி சில மீட்டர் பிழைபடும். பயிர் வரிசைகளுக்கு இடையே இருப்பதோ இரண்டடி. சில சென்டிமீட்டர் அளவுக்குத் திருத்தம் பெறும் கருவிகள் வந்துள்ளன, விலை அதிகம். ஆகவே தற்போதைக்குக் கண்ணுக்கெட்டிய தூரத்தில் கையால் இயக்குவதோடு நிற்பதே அறிவுடைமை.

யந்திரம் சங்கத்தின் உடைமையாகையால், மாற்றுமுன் நிர்வாகக் குழுவின் தீர்மானம் வேண்டும். அரசு மானியத்தில் வாங்கியதாயின், மானியம் அளித்த துறையின் அனுமதியை எழுத்தில் பெறுதல் அவசியம். மாற்றத்துக்கான செலவை இருப்புப் பதிவேட்டில் யந்திரத்தின் பெயருக்கு எதிரே எழுதி, ஓட்டுபவர் ஒவ்வொரு நாளும் கையொப்பமிடத் தனிக் குறிப்பேடு ஒன்றையும் வைக்க வேண்டும்.