காது வேலை

காலை ஆறரை மணிவாக்கில் கொழும்பின் கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளுக்குள் பீத்தோவன் வருவார். சூன் பாண் ஆட்டோவின் ஒலிபெருக்கியில் 'ஃபர் எலீஸ்' கீச்சிடும். 1810இல் வியன்னாவில் பியானோவுக்கு எழுதிய மெட்டு. இந்த ஊரில் அதைக் கேட்டால் சூடான பாண்தான் ஞாபகம் வரும். அந்தச் சத்தத்துக்குக் கதவைத் திறந்து வருகிறவர்கள் யார் என்று கவனித்திருக்கிறீர்களா? பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்கள். ஒரு றாத்தல் பாணும் இரண்டு கிம்புலா பணிஸும் வாங்க இரண்டு நிமிடம் போதும். ஆட்டோ அடுத்த ஒழுங்கைக்குத் திரும்பிக் கால்மணி நேரம் ஆன பிறகும், பையைக் கையில் பிடித்தபடி அங்கேயே நிற்பார்கள். பாண் ஆறிவிடும், பேச்சு ஆறாது.

நானும் இப்போது அந்தக் கூட்டத்தில் ஒருவன். அங்கே பெரிய விஷயம் எதுவும் பேசுவதில்லை. மரக்கறி விலை, முழங்கால் வலி, யார் வீட்டை விற்றுவிட்டுப் போகிறார்கள், தண்ணீர்க் கட்டணம். அரைவாசி வெறும் அலட்டல்தான்; தன் கண் ஒபரேஷனை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை சொல்லாமல் விடாத ஒருவர் எல்லா ஒழுங்கையிலும் இருக்கிறார். ஆனால் நடுவில், சொன்னவரே கவனிக்காமல், ஒரு வார்த்தை வந்து விழும். அதை வீட்டுக்குக் கொண்டுபோய் நாள் முழுக்க யோசிக்கலாம். இளமையில் ஞானம் தேடிப் புத்தகத்துக்கும் பிரசங்கத்துக்கும் போனோம். வயது போன பிறகு அது மருந்துக் கடையிலும் முடிவெட்டும் கடையிலும் தானாக வந்து மாட்டுகிறது. அது ஏன் என்றுதான் கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு காரணம் வெளிப்படை. வீட்டில் பேச ஆள் குறைந்துவிட்டது. 2012 குடிசனத் தொகைமதிப்பில் இலங்கையில் 65 வயதைக் கடந்தவர்கள் நூற்றுக்கு 7.9 பேர். 2024 தொகைமதிப்பில் அது 12.6. கொட்டாஞ்சேனைத் தமிழ் வீடுகளில் இந்தக் கணக்கோடு இன்னொன்றும் சேர்கிறது: பிள்ளைகள் ஸ்காபரோவிலும் ஹரோவிலும் மெல்பேர்னிலும் இருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் தவறாமல் கதைக்கிறார்கள். "சாப்பிட்டீங்களா? மருந்து குடிச்சீங்களா? பிரஷர் பார்த்தீங்களா?" அன்பில் குறைவே இல்லை. ஆனால் அந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதில் ஏற்கெனவே இருக்கிறது. நாம் என்ன சொல்வோம் என்று அவர்களுக்குத் தெரியும், அவர்கள் என்ன கேட்பார்கள் என்று நமக்குத் தெரியும். புதிதாக ஒன்று நுழைய அங்கே இடுக்கு இல்லை.

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக உளவியலாளர் லாரா கார்ஸ்டென்சன் ஒன்று சொல்கிறார். மிச்சமுள்ள காலம் குறைவு என்று உணரும்போது மனிதர்கள் தங்கள் வட்டத்தைத் தாங்களே சுருக்கி, மனதுக்கு நெருக்கமானவர்களோடு மட்டும் இருக்க விரும்புகிறார்கள் என்பது அவருடைய ஆய்வின் சாரம். சரியாகத்தான் இருக்கும். ஆனால் எங்கள் வட்டத்தை நாங்கள் சுருக்கவில்லை, விசா சுருக்கியது. நெருக்கமானவர்கள் தூரத்தில் இருக்கிறார்கள். பக்கத்தில் இருப்பவர்கள் அரைகுறையாகத் தெரிந்தவர்கள். அந்த அரைகுறைகளை வைத்துத்தான் எங்கள் நாள் ஓடுகிறது.

அரைகுறையாகத் தெரிந்தவர்களுக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை. பொன்னம்பலவாணேஸ்வரர் கோவில், லூசியாள் பேராலயம், தீபதுத்தாராம விகாரை, டச்சுக்காரர் கட்டிய உல்வெண்டால் தேவாலயம், பள்ளிவாசல்கள் எல்லாம் நடக்கும் தூரத்தில். யாழ்ப்பாணத்தார், மலையகத்தார், பரதர், கொழும்புச் செட்டிகள், முஸ்லிம்கள், சிங்களவர் ஒரே ஒழுங்கையில். இதை ஒற்றுமையின் தொட்டில் என்று மேடையில் பேசுவார்கள். 1883 ஈஸ்டர் அன்று பௌத்தருக்கும் கத்தோலிக்கருக்கும் கலவரம் மூண்டதும் இதே தெருக்களில்தான் என்பதை மேடையில் சொல்வதில்லை. எங்கள் தமிழ் ஆட்கள் காலத்தைக் கணக்கிடுவதே 1958, 1977, 1983 என்று இனக்கலவரங்களை வைத்துத்தான். ஆகவே இங்கே பக்கத்து வீட்டாரோடு பேச்சைத் தொடர்வது வெறும் சுபாவம் மட்டுமல்ல, ஒரு பழகிய ஜாக்கிரதையும்கூட.

இப்படிப்பட்ட பேச்சையே தொழிலாக, இலக்கியமாக ஆக்கிய ஒருவர் கொழும்பு 13இல், ஸ்ரீ கதிரேசன் வீதியில் இருந்தார். டொமினிக் ஜீவா. 1927இல் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். சாதி சொல்லி அவமதித்ததால் சின்ன வயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டவர். கஸ்தூரியார் வீதி ஜோசப் சலூனில் முடி வெட்டினார். கதிரையில் வந்து உட்கார்ந்தவர்களின் வாய்தான் அவருக்குப் பாடப்புத்தகம். சலூனையே தன் பல்கலைக்கழகமாகச் சொல்லிக்கொள்வார். 1960இல் வந்த 'தண்ணீரும் கண்ணீரும்' சிறுகதைத் தொகுப்புக்குச் சாகித்திய மண்டலப் பரிசு கிடைத்தது. 1966 ஆகஸ்டில் 'மல்லிகை' மாத இதழைத் தொடங்கினார். இதழைக் கையில் சுமந்துகொண்டு போய் விற்றவரும் அவர்தான். விற்கப் போன இடத்தில் பேச்சு, அந்தப் பேச்சிலிருந்து அடுத்த இதழுக்கு விஷயம். வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பகுதிக்கு 'தூண்டில்' என்று பெயர் வைத்திருந்தார். அட்டையில் சினிமாக்காரர் முகம் வராது. எழுத்தாளர்கள், கலைஞர்கள், ஊருக்கு உழைத்தவர்கள் முகங்கள் வந்தன.

தொண்ணூறுகளின் நடுவில் போர் யாழ்ப்பாணத்தைக் கலைத்துப்போட்டது. ஜீவா கொழும்புக்கு வந்தபோது எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். பென்ஷன் எடுத்துச் சாய்மனைக் கதிரையில் படுக்கும் வயது. அவர் கதிரேசன் வீதியிலிருந்து மல்லிகையை மறுபடி கொண்டுவந்தார். அது நானூறு இதழ்களைத் தாண்டியது. 2021 ஜனவரி 28ஆம் திகதி காலமானபோது அவருக்கு வயது 93. அவருடைய இலக்கியக் கருத்துகளோடு சண்டை பிடித்தவர்கள் நிறைய. ஆனால் எழுபது வயதில் வேறொரு ஊரின் தெருவில் நின்று, எதிரே வருகிறவரிடம் இதழை நீட்டிக் கதை கொடுக்க ஒரு துணிவு வேண்டும். முதுமை கண்ணை மங்கவைக்கிறது, காலைப் பிடிக்கிறது. கூடவே வெட்கத்தையும் கழற்றிவிடுகிறது. முப்பது வயதில் முன்பின் தெரியாதவரிடம் ஒரு கேள்வி கேட்க நாம் பட்ட கூச்சத்தை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

ஜம்பட்டா வீதிப் பக்கம் நான் போகும் சலூன்காரத் தம்பி ஹட்டன்காரர். வயதானவர்களுக்கும் இளைஞர்களுக்கும் ஒரே காசுதான் வாங்குகிறார். என் தலையில் மிச்சமிருப்பதைப் பார்த்தால் அது அநியாயமாகப் பட்டது, கேட்டேன். கத்தரியை நிறுத்தாமல் சொன்னார்: "ஐயா, பெடியன்களுக்குத் தலை வேலை. பத்து நிமிஷம். உங்களுக்கெல்லாம் காது வேலை. அதுக்குத்தான் நேரம் கூடப் போகுது."

அவர் சொன்னது காதோரம் முளைக்கும் முடியைத்தான். பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்து, "என் காதுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்" என்றார். வாங்கில் காத்திருந்த நாலு பேரும் சிரித்தார்கள். வயதானவர்கள் கதிரையில் ஏறியதும் எந்த வரிசையில் பேசுவார்கள் என்று அவருக்கு அத்துபடி: முதலில் அரசியல், பிறகு வருத்தம், கழுத்துத் துணியை உதறும் நேரம் பிள்ளை. "கடைசியாச் சொல்றதுதான் ஐயா மெயின். அதுக்காக நான் துணியை மெதுவாத்தான் கழட்டுவேன்."

இத்தனை வருடம் சலூனுக்குப் போய்வந்த எனக்கு அந்தத் துணி மெதுவாகக் கழன்றது தெரியவே தெரியாது.

மருந்துக் கடைப் பிள்ளை சொன்னது வேறு வகை. மாத்திரையைச் சின்னக் கடதாசி உறைக்குள் போட்டு, மேலே வேளையை எழுதிக் கொடுக்கும் பிள்ளை அது. "அங்கிள், அன்ட்டிமார் மூண்டு தரம் கேப்பாங்க, நாங்களும் சொல்லுவம். அங்கிள்மார் எல்லாம் தெரியும் எண்டு வாங்கிட்டுப் போவாங்க. அடுத்த மாசம் யார்ட உறையில கணக்கு பிழைச்சு மாத்திரை மிஞ்சியிருக்கும் எண்டு பாத்தா தெரியும்." என் கையில் இருந்த பழைய உறையை நான் மெல்லச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

2022இன் பொருளாதார நெருக்கடியைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரை முடியாது. கேஸ் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, பெற்றோல் இல்லை. ஏப்ரல் கடைசியில் 12.5 கிலோ சிலிண்டர் 4,860 ரூபாய்க்கு ஏறியது. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. வெற்றுச் சிலிண்டர்களைக் கயிற்றாலும் சங்கிலியாலும் பிணைத்துத் தெருவோரம் அடுக்கிவிட்டு விடிய விடியக் காவல் இருந்தோம். வேலைக்குப் போகிறவர்களால் நிற்க முடியாது. ஆகவே வரிசையில் நின்றவர்களில் முக்கால்வாசி எங்கள் வயதுக்காரர்கள். எனக்கு முன்னால் ஒரு முஸ்லிம் நானா, ஓய்வுபெற்ற கிளார்க். பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் பிளேன்டி குடிக்கும்போது அவர் சொன்னார்:

"சேர், ரிட்டயர் ஆகிப் பதினொரு வருஷம். இந்த மாசம்தான் நான் வீட்ட போறப்போ எல்லாரும் வாசலுக்கு ஓடி வாறாங்க. 'வாப்பா, கிடைச்சுதா?' என்டு கேக்கிறாங்க. இந்தக் கஷ்டம் முடியோணும் என்டுதான் துஆ கேக்கிறன். முடிஞ்சா திரும்பவும் என்னை ஒருத்தரும் வாசல்ல பாக்க மாட்டாங்க."

நாட்டின் வங்குரோத்து ஒரு கிழவருக்கு வேலை கொடுத்திருக்கிறது. இதைப் பொருளாதார நிபுணர் யாரும் சொல்லவில்லை. வரிசை இனிமையான இடம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த வருடம் மார்ச்சில் எரிபொருள் வரிசையில் நின்றபடியே முதியவர்கள் செத்துப்போன செய்தியையும் நாங்கள் அங்கே நின்றுதான் படித்தோம். ஆனாலும் அந்த நானாவின் பேச்சுக்குப் பிறகு, தங்களுக்கு ஒரு வேலை சொல்லும்படி நச்சரிக்கும் வயதானவர்களிடம் நான் சலித்துக்கொள்வதில்லை.

செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குப் போனால் இன்னொரு வகைக் காத்திருப்பு. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு அன்று அங்கே குண்டு வெடித்தது. ஜூனில் கோவில் மறுபடி திறந்ததும் செவ்வாய்க்கிழமைக் கூட்டம் திரும்பி வந்தது. வேதக்காரர் மட்டும் வரும் கோவில் இல்லை அது. என் பக்கத்தில் இருந்த அம்மாவின் நெற்றியில் விபூதி, கையில் மெழுகுதிரி. யாழ்ப்பாணத்துப் பேச்சு. மகன் மெல்பேர்னில் என்றார்.

"முந்தி, அவன் திரும்பி வந்து இஞ்சயே இருக்கவேணும் எண்டு கேப்பன். பிறகு வருசத்துக்கு ஒருக்கா வந்தாக் காணும் எண்டு கேட்டன். இப்ப, அவன் வந்திட்டுப் போகேக்க எயாபோட்டில நான் அழாமல் நிக்கவேணும். அவ்வளவுதான் கேக்கிறன்."

அந்தோனியார் கொடுத்தாரா என்றேன்.

"போனமுறை பாதி தந்தவர். அவன் கண்ணாடிக்கு அங்கால மறையுமட்டும் நிண்டிட்டன்."

மகனை மாற்றச் சொல்லிக் கேட்ட வேண்டுதல் தன்னை மாற்றச் சொல்லித் திரும்பிவிட்டது. மெழுகுதிரி வாங்கும் வரிசையில் இருபது நிமிடம் நிற்க வேண்டியிருந்ததால்தான் இது என் காதில் விழுந்தது.

எனக்குப் பிடிபட்ட விஷயம் இந்தக் காத்திருப்புதான். 2014இல் நிக்கலஸ் எப்லி, ஜூலியானா ஷ்ரோடர் என்ற இரு ஆய்வாளர்கள் சிகாகோவில் ரயில் பயணிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். அறிமுகமில்லாதவரோடு பேசினால் பயணம் கெட்டுவிடும் என்றுதான் பயணிகள் எதிர்பார்த்தார்கள். பேசிப் பார்த்தவர்களுக்குப் பயணம் மற்றவர்களைவிட இனித்தது. ஹெட்டியாவத்தை 176 பஸ்ஸில் ஒரு தடவை ஏறியிருந்தால் ஆய்வுச் செலவு மிச்சம். தவிர, அவர்கள் அளந்தது சந்தோஷத்தை. அந்த அம்மாவோடு பேசியதில் எனக்குச் சந்தோஷம் ஒன்றும் வரவில்லை. ஒரு விஷயம் விளங்கியது, அவ்வளவுதான். அதற்கு இருவரும் வேறு வேலையாக வந்திருக்க வேண்டும், அந்த வேலை உடனே முடியாமல் இழுபட வேண்டும், ஒருவரிடம் இன்னொருவருக்கு ஆகவேண்டியது எதுவும் இருக்கக்கூடாது. 'வாங்க, மனம்விட்டுப் பேசுவோம்' என்று நாற்காலி போட்டால் யாருக்கும் வாய் வராது. முதியோர் சங்கக் கூட்டங்கள் பலவும் அலுப்பதற்கு இதுதான் காரணம் என்பது என் அபிப்பிராயம்.

இழுபடும் வேலைகள் இப்போது குறைந்துகொண்டே வருகின்றன. பழைய வீடுகள் இருந்த இடத்தில் தொடர்மாடிகள். லிஃப்டுக்குள் எல்லோரும் மாடி இலக்கத்தைத்தான் பார்க்கிறார்கள். மருந்து போனில் சொன்னால் வீட்டுக்கே வருகிறது. கால் ஏலாதவர்களுக்கு அது வரப்பிரசாதம், குறை சொல்ல மாட்டேன்.

ஹட்டன்காரத் தம்பியும் சலூனைத் திருத்தப் போகிறார். ஏசி, இன்னொரு கதிரை, போனில் நேரம் குறித்துக்கொண்டு வரும் ஏற்பாடு. காத்திருக்க ஆள் இருக்காது என்பதால் வாங்கை எடுத்துவிடப் போவதாகப் போன சனிக்கிழமை அறிவித்தார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு வாங்கின் மூலையில் வீரகேசரிக்குள் முகத்தைப் புதைத்திருந்த எண்பது வயதுக்காரர் பேப்பரை இறக்கினார்.

"எடுக்கிறதெண்டா எடு தம்பி. பேப்பரை மட்டும் நிப்பாட்டிப்போடாத. நாங்கள் நிண்டுகொண்டு வாசிப்பம்."