இரண்டு விடுதலைகள்



டிசம்பர் நமக்கு நினைவுகளின் மாதம். 6ஆம் தேதி அண்ணல் அம்பேத்கர் மறைந்த நாள். 25ஆம் தேதி வெண்மணி நாள். அதற்கு மறுநாள்தான், 2022இல், நம் புதுக்கோட்டை மாவட்டத்து வேங்கைவயலில் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. இந்த மாதத்தில் ஆவணப்படங்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நம் துயரங்களை யார் பதிவு செய்கிறார்கள், அந்தப் பதிவு நமக்கு எதற்கு என்பதுதான் பேச்சு.

1919 ஜாலியன்வாலாபாக் படுகொலையை நாட்டின் துயரம் என்று பள்ளிப் பிள்ளைகள் படிக்கிறார்கள். படிக்கத்தான் வேண்டும். 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டது மட்டும் ‘கூலித் தகராறு’ என்று சுருங்கிப் போனது. சுட்டவன் அந்நியன் என்றால் அது தேசத்தின் துயரம். கொளுத்தியவன் உள்ளூர் மிராசுதார் என்றால் அது சேரியின் துயரம். இந்தக் கணக்கை நாம் ஏற்க முடியாது.

வெண்மணி மக்கள் கேட்டது கொஞ்சம் கூடுதல் நெல். செங்கொடியை இறக்க மறுத்தார்கள். தாக்குதல் தொடங்கியதும் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் ராமய்யாவின் குடிசைக்குள் ஒளிந்தார்கள். குடிசைக்குத் தீ வைக்கப்பட்டது. நாகப்பட்டினம் அமர்வு நீதிமன்றம் நெல் உற்பத்தியாளர் சங்கத் தலைவர் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்டவர்களுக்குத் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் சென்னை உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. கார் வைத்திருக்கும் வசதியான மனிதர்கள் நேரில் நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்பது அந்தத் தீர்ப்பின் போக்கு. அதே நாளில் மிராசுதார் தரப்பு ஆள் ஒருவர் கொல்லப்பட்ட வழக்கில் தொழிலாளர்கள் சிறைக்குப் போனார்கள்.

தமிழில் ‘விடுதலை’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். நீதிமன்றத்தில் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறங்கி வருவதும் விடுதலை. ஒரு சமூகம் அடிமைத்தனத்திலிருந்து எழுந்து நிற்பதும் விடுதலை. வெண்மணியில் முதல் விடுதலை மிராசுதார்களுக்குக் கிடைத்தது. இரண்டாவது விடுதலைக்காக மக்கள் இன்னும் காத்திருக்கிறார்கள்.

இந்த இடத்தில்தான் ஆவணப்படம் வருகிறது. பாரதி கிருஷ்ணகுமாரின் ‘ராமய்யாவின் குடிசை’ 2005இல் வெளியானபோது சம்பவம் நடந்து ஏறத்தாழ 37 ஆண்டுகள் ஆகியிருந்தன. தப்பிப் பிழைத்தவர்கள் முதியவர்களாகியிருந்தார்கள். நீதிமன்றம் நம்ப மறுத்த வாய்கள் கேமரா முன் பேசின. குறுக்கு விசாரணையில் சாட்சி ‘ஆம்’, ‘இல்லை’ என்று மட்டும் சொல்ல வேண்டியிருக்கும். படத்தில் அவர் மௌனமாகவும் இருக்கலாம், அழலாம், முழுக் கதையையும் சொல்லலாம். ஆவணப்படம் யாரையும் தண்டிக்காது. ஆனால் ‘அப்படி நடக்கவே இல்லை’ என்று நாளை எவரும் சொல்ல முடியாதபடி செய்யும்.

1999 ஜூலை 23 திருநெல்வேலியை நினைத்துப் பாருங்கள். மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் கூலிக்காகவும், சிறையிலிருந்த தொழிலாளர்களின் விடுதலைக்காகவும் ஆட்சியர் அலுவலகம் நோக்கி ஊர்வலம் போனது. போலீஸ் தடியடியில் விரட்டப்பட்டு, தாமிரபரணியில் விழுந்து, கைக்குழந்தை உட்பட 17 பேர் இறந்தார்கள். ஆர்.ஆர்.சீனிவாசன் எடுத்த ‘நதியின் மரணம்’ அந்தக் கரையைக் கண்முன் நிறுத்தியது. மும்பை ரமாபாய் நகரில் 1997 ஜூலை 11 அன்று போலீஸ் சுட்டு 10 தலித்துகள் இறந்தார்கள். ஆனந்த் பட்வர்தன் ‘ஜெய் பீம் காம்ரேட்’ படத்தை முடிக்க 14 ஆண்டுகள் ஆயின. வழக்கு இழுத்துக்கொண்டே போனது. அவரும் அதன் பின்னாலேயே போனார்.

நினைவுகூர்ந்தால் மட்டும் போதுமா? போதாது. வெண்மணியில் நினைவுத்தூண் எழுந்தது. அதைவிட முக்கியமானவை வேறு. 1969இல் கீழத்தஞ்சை விவசாயத் தொழிலாளர்களுக்கு நியாயக் கூலிச் சட்டம் வந்தது. கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் அவருடைய லாஃப்டி அமைப்பும் நிலமற்ற குடும்பங்களுக்கு, பெரும்பாலும் பெண்கள் பெயரில், நிலம் வாங்கித் தந்தார்கள். எரிந்த குடிசை இருந்த இடத்தில் கல் நடுவது அஞ்சலி. எரிந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்குப் பட்டா கிடைப்பதுதான் மறுகட்டுமானம். அரசியல் சமத்துவம் மட்டும் வந்து சமூக, பொருளாதார ஏற்றத்தாழ்வு தொடர்ந்தால் ஜனநாயகமே தகர்ந்துவிடும் என்று அண்ணல் 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் எச்சரித்தது இதைத்தான்.

இனி வேங்கைவயலுக்கு வருவோம். வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. 2025 ஜனவரியில், பாதிக்கப்பட்ட அதே சமூகத்தைச் சேர்ந்த மூன்று பேர் மீதே குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப்பட்டது. அந்த ஊர் மக்களும் இயக்கங்களும் அதை ஏற்கவில்லை. நீதிமன்றம் தன் வேலையைச் செய்யட்டும். நம் வேலை வேறு. அந்தத் தண்ணீரைக் குடித்த தாய்மார்கள் அன்று என்ன பார்த்தார்கள், பிள்ளைகளுக்கு என்ன ஆனது, யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பதை அவர்கள் வாயாலேயே பதிவு செய்ய வேண்டும். வெண்மணிக்கு ஆனதுபோல 37 ஆண்டுகள் காத்திருக்கக் கூடாது.

இளைஞர்களுக்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் கையிலிருக்கும் செல்போன் போதும். பேசுபவரிடம் முதலில் சம்மதம் கேளுங்கள். தேதியும் இடமும் சொல்லிப் பதிவைத் தொடங்குங்கள். பேச்சின் நடுவே குறுக்கிடாதீர்கள். அழுகையை நெருங்கிப் போய்ப் படம் பிடிக்காதீர்கள். வெட்டாத முழுப் பதிவை இரண்டு மூன்று இடங்களில் சேமித்து வையுங்கள். பெயரை மறைக்கச் சொன்னால் மறையுங்கள். நாம் படம் எடுத்துவிட்டுப் போய்விடுவோம். அவர்கள் அந்த ஊரில்தான் வாழ வேண்டும்.

கூண்டிலிருந்து இறங்கும் விடுதலையை நீதிமன்றம் தரும். நல்ல தண்ணீரும், நியாயக் கூலியும், சொந்த நிலமும், பயமில்லாமல் பேசும் வாயும் சேர்ந்ததுதான் மற்ற விடுதலை. அதை நாம்தான் கட்ட வேண்டும்.