மலைச் சைக்கிளுக்கு ஸ்பிரிங் ஷாக்

ரயில் பெட்டி ஸ்பிரிங்குகளோடு காலம் கழித்தவன் நான். மலைச் சைக்கிளின் பின் ஷாக் அப்சார்பர் வாங்கப் பேரன் யோசனை கேட்டான். விலை குறைந்ததே போதும். ஆனால் மூன்றைக் கவனிக்க வேண்டும்.

முதலில் அளவு. இரு துளை மையங்களுக்கு இடையே உள்ள நீளமும், அமுங்கும் தூரமும் பழையதைப் போலவே இருக்க வேண்டும்.

அடுத்து ஸ்பிரிங். ஓட்டுபவர் அமர்ந்ததும் அமுங்கும் தூரத்தில் சுமார் 30 சதவீதம் இறங்கலாம், 50 மி.மீ. என்றால் 15 மி.மீ. அதற்கு மேல் இறங்கினால் வளையத்தை இறுக்கிச் சமாளிக்காமல், கடினமான ஸ்பிரிங்கைப் போடுங்கள்.

மூன்றாவது எண்ணெய் டாம்பர். ஸ்பிரிங் வாங்கிய அதிர்ச்சியைத் திருப்பித் தந்துவிடும், தணிப்பது எண்ணெய்தான். ஐ.சி.எஃப். பெட்டிகளில் ஸ்பிரிங்கோடு எண்ணெய் டாஷ்பாட் வைத்ததும் இதற்கே. வெறும் ஸ்பிரிங் இறக்கத்தில் ஆளையே தூக்கி எறியலாம். சிக்கனத்தை வண்ணத்தில் காட்டுங்கள், டாம்பரில் வேண்டாம்.