பெட்டி எடை கூடினால் பணம் பறக்கும்! வெளிநாடு கிளம்பும் திருப்பூர் குடும்பங்களே, உஷார்!

திருப்பூர்:

கோவை பீளமேடு விமான நிலையத்தில் சிங்கப்பூர் விமானம் கிளம்பும் நேரத்தில் அடிக்கடி காணக்கூடிய காட்சி இது.

கவுண்டருக்கு எதிரே தரையில் ஒரு பெட்டி வாய் பிளந்து கிடக்கும். அப்பா ஒரு பக்கம் ஜிப்பை இழுப்பார். அம்மா சேலைகளை அள்ளி இன்னொரு பைக்குள் திணிப்பார். பையன் ஒரு சட்டைக்கு மேல் இன்னொரு சட்டை போட்டு, அதற்கும் மேல் ஜெர்கினை மாட்டிக்கொண்டு வியர்த்து வழிவான். வீல் சேரில் இருக்கும் பாட்டி முறுக்கு டப்பாவைக் கட்டிப் பிடித்தபடி, "இதை மட்டும் எடுத்துராதீங்க கண்ணு!" என்பார்.

என்ன ஆயிற்று? பெட்டி எடை கூடிவிட்டது. அவ்வளவுதான்!

பின்னால் வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். கவுண்டரில் இருக்கும் பெண் கிலோவுக்கு இவ்வளவு என்று கணக்குச் சொல்கிறார். அப்பாவின் முகம் வெளிறுகிறது. ஆறு மாதம் முன்பே மலிவாக டிக்கெட் போட்டதில் மிச்சம் பிடித்த பணம், ஐந்தே நிமிடத்தில் பறக்கிறது.

மலிவு டிக்கெட்டின் மர்மம்!

முன்பெல்லாம் விமான டிக்கெட் என்றால் பெட்டிக்கும் சேர்த்துத்தான். இப்போது அப்படி இல்லை. மலிவு விலை விமானக் கம்பெனிகளின் அடிமட்ட டிக்கெட்டில் பெரும்பாலும் ஆளுக்கும் கைப்பைக்கும் மட்டுமே இடம். விமானத்தின் வயிற்றில் போகும் பெட்டிக்கு, அதாவது செக்-இன் லக்கேஜுக்கு, தனிக் கட்டணம்.

இந்தக் கட்டணத்தை டிக்கெட் போடும்போதே கட்டினால் ஒரு விலை. பிறகு கட்டினால் கூடுதல் விலை. விமான நிலையத்துக் கவுண்டரில் கட்டினாலோ, கேட்கவே வேண்டாம்!

திருப்பூர்க்காரர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்லித் தரவேண்டியதில்லை. 2024-25-ல் ரூ.44,000 கோடிக்கு மேல் பின்னலாடை ஏற்றுமதி செய்த ஊர் இது. சரக்கு நேரத்துக்கு முடிந்தால் தூத்துக்குடியிலோ கொச்சியிலோ கப்பல் ஏறும். தையல் தாமதமாகி, கப்பலும் தவறி, கடைசி நேரத்தில் விமானத்தில் அனுப்ப நேர்ந்தால்? "ஏர்ல போச்சுங்க, லாபமெல்லாம் போச்சுங்க!" என்று முதலாளி தலையில் கை வைப்பார்.

கவுண்டரில் கட்டும் கூடுதல் எடைக் கட்டணமும் அதே கதைதான். கம்பெனியில் ஒரு கார்ட்டனுக்கு நெட் வெயிட், கிராஸ் வெயிட் என்று கிராம் சுத்தமாக எழுதுகிறவர்கள், சொந்தப் பெட்டியைத் தராசில் வைக்காமல் காரில் ஏற்றுவதுதான் வேடிக்கை!

கைப்பை மட்டும் போதுமா?

போதும் என்கிறது ஒரு கட்சி. முடியவே முடியாது என்கிறது இன்னொரு கட்சி. ஒரே வீட்டுக்குள்ளேயே இந்த இரண்டு கட்சியும் இருக்கும்!

முதலில் கணக்கைப் பார்க்கலாம். ஸ்கூட், ஏர் அரேபியா இரண்டிலும் சாதாரண டிக்கெட்டுக்குக் கைப்பையும் சிறுபையும் சேர்த்து 10 கிலோ. இண்டிகோவில் கைப்பை 7 கிலோ, தோளில் தொங்கும் சிறு பை தனி. எடையோடு அளவும் பார்ப்பார்கள். கம்பெனிக்குக் கம்பெனி இது மாறும். டிக்கெட்டில் என்ன போட்டிருக்கிறது என்று கிளம்பும் முன் ஒரு தடவை படித்துவிடுவது நல்லது.

180 ஜி.எஸ்.எம். துணியில் தைத்த ஒரு டி-சர்ட் என்ன எடை இருக்கும்? காதர்பேட்டைக் கடைப் பையனைக் கேட்டால் கையில் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடுவான். 150 கிராமிலிருந்து 200 கிராம். ஐந்து டி-சர்ட் சேர்ந்தாலும் ஒரு கிலோதான். இரண்டு லேசான பேண்ட் ஒரு கிலோ. உள்ளாடை, இரவு உடை எல்லாம் சேர்த்து இன்னொரு கிலோ. ஒரு ஜோடி செருப்பு, சோப்பு, சீப்பு வகையறா ஒன்றரை கிலோ. பையின் சொந்த எடை இரண்டு, இரண்டரை கிலோ. ஆக ஒரு வாரப் பயணம் ஏழு கிலோவுக்குள் அடங்கிவிட்டது!

பனியன் துணிக்கு இஸ்திரி வேண்டாம். சுருட்டி வைத்தால் இடமும் பிடிக்காது. இரவில் அலசிப் போட்டால் காலையில் காய்ந்துவிடும். உலகத்துக்கே லேசான உடுப்பைத் தைத்துக் கொடுக்கிற ஊர்க்காரர்கள், தாங்கள் போகும்போது மட்டும் ஒன்றுக்கு மூன்று ஜீன்ஸ் எடுத்து வைக்கிறார்கள். ஒரு ஜீன்ஸ் 600 கிராமுக்கு மேல்! ஜரிகைப் பட்டுச் சேலை அதையும் மிஞ்சும். நாலு சக்கரப் பெரிய பெட்டி காலியாக இருக்கும்போதே நாலு, ஐந்து கிலோ.

ஆனால் பெட்டியைக் கனக்க வைப்பது நம் துணிமணி அல்ல. அது வேறு!

"ரெண்டே கிலோதானுங்க!"

வெளிநாட்டுப் பயணம் முடிவானதும் வீட்டுக்கு விருந்தாளிகள் வரத் தொடங்குவார்கள். கையில் ஒரு பை இருக்கும்.

"ஏனுங்க மாப்ளே, சிங்கப்பூருதானுங்க போறீங்க? இதை நம்ம பாப்பா கையில குடுத்துருங்க. கனமே இல்லீங்க, ரெண்டே கிலோதான்!"

மறுக்க முடியுமா? மறுத்தால் அடுத்த கல்யாணத்தில் முகம் கொடுத்துப் பேசமாட்டார்களே! இப்படி நாலு வீட்டு 'ரெண்டு கிலோ' சேர்ந்தால் எட்டு கிலோ. அதற்குள் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பதும் இல்லை. 'சொந்தக்காரங்க குடுத்ததைப் பிரிச்சா நல்லாவா இருக்கும்?' என்கிற கூச்சம்.

இந்தக் கூச்சம் ஆபத்தானது. சிங்கப்பூரில் 15 கிராமுக்கு மேல் ஹெராயின், 500 கிராமுக்கு மேல் கஞ்சா கடத்தினால் தூக்குத் தண்டனை. 'எனக்குத் தெரியாது, ஒருத்தர் கொடுத்துவிட்டார்' என்று சொல்வதை யாரும் லேசில் நம்பமாட்டார்கள். தெரியாதவர் கொடுக்கும் பொட்டலத்தைத் தொடவே கூடாது. தெரிந்தவர் கொடுத்தாலும் அவர் முன்னாலேயே பிரித்துப் பார்த்து வாங்குவதில் தப்பே இல்லை.

கசகசாவா? ஐயோ!

போதைப்பொருள் என்றதும் யாரோ கடத்தல்காரன் சமாச்சாரம் என்று நினைக்கவேண்டாம். நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியிலும் ஒரு வம்பு இருக்கிறது.

குருமாவுக்கு அரைக்கிறோமே, கசகசா! அது அபினிச் செடியின் விதை. அதில் கொஞ்சம் மார்பின் ஒட்டியிருக்கலாம் என்பதால் சிங்கப்பூரில் தடைப் பட்டியலில் இருக்கிறது. துபாய், சார்ஜா அடங்கிய ஐக்கிய அரபு நாடுகளிலும் தடை. மகள் வீட்டுக்கு ஆசையாக அம்மா கொடுத்துவிடும் கால் கிலோ கசகசா, விமான நிலையத்தில் போலீஸ் விசாரணையில் கொண்டுபோய் விடும். கசகசா சேர்த்து அரைத்த மசாலாப் பொடியும் வேண்டாம்.

அடுத்தது கொப்பரை. காங்கேயம் பக்கத்துச் சொந்தங்கள் பாசத்தோடு கட்டிக் கொடுப்பார்கள். எண்ணெய்ச் சத்து நிறைந்த கொப்பரை தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய சரக்கு. சர்வதேச அபாயச் சரக்குப் பட்டியலில் அதற்கு 1363 என்று நம்பரே உண்டு. பெட்டியிலும் கூடாது, கைப்பையிலும் கூடாது.

முழுத் தேங்காயையும் கைப்பையில் விடமாட்டார்கள். 2024 சபரிமலை சீசனில் இருமுடித் தேங்காய்க்கு மட்டும் விசேஷ அனுமதி கொடுத்தார்கள். அத்தைக்குக் கொண்டுபோகும் தேங்காய்க்கு அந்தச் சலுகை கிடையாது!

நெய், ஊறுகாய், தேங்காய் எண்ணெய் எல்லாம் கைப்பையில் வந்தால் 'திரவம்' என்ற கணக்கு. ஒரு பாட்டில் 100 மில்லிக்கு மேல் கூடாது. விமானங்களைத் திரவ வெடிகுண்டால் தகர்க்கும் சதி 2006 ஆகஸ்டில் லண்டனில் அம்பலமான பிறகு வந்த கெடுபிடி இது. ஊறுகாய் கட்டாயம் வேண்டுமென்றால் பெட்டியில்தான் போட வேண்டும். மூடி கழன்றால் பட்டுச் சேலைக்கு யார் பொறுப்பு?

பவர் பேங்க் விஷயம் நேர் எதிர். அதைப் பெட்டியில் போடவே கூடாது, கைப்பையில்தான் வைக்க வேண்டும். ஸ்கூட்டிலும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸிலும் 2025 ஏப்ரல் 1 முதல் பறக்கும்போது பவர் பேங்கில் செல்போன் சார்ஜ் செய்யவும் தடை.

பெட்டி வரவில்லை!

எடை சரி, கட்டணமும் கட்டியாயிற்று. பெட்டி நிம்மதியாக வந்து சேருமா?

விமான நிலையங்களுக்குக் கம்ப்யூட்டர் வசதி செய்து தரும் 'சிட்டா' என்ற நிறுவனம் (நம் ஊர் நிலச் சிட்டா அல்ல!) வருஷா வருஷம் ஒரு கணக்கு வெளியிடுகிறது. 2024-ல் 1000 பயணிகளுக்கு 6.3 பெட்டிகள் வழிதவறியோ, தாமதமாகியோ, சேதமாகியோ போயிருக்கின்றன. உலகம் முழுக்க 3 கோடியே 34 லட்சம் பெட்டிகள்! இதில் 100-க்கு 41, விமானம் மாறும் இடத்தில் நடந்த கோளாறு.

திருப்பூர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். கோவையிலிருந்து நேராகப் போகும் வெளிநாட்டு ஊர்கள் கொஞ்சம்தான். லண்டனோ, அமெரிக்காவோ என்றால் எங்காவது ஒரு இடத்தில் இறங்கி ஏறித்தான் ஆகவேண்டும். இரண்டையும் தனித்தனி டிக்கெட்டாகப் போட்டிருந்தால், நடுவில் பெட்டியை எடுத்து மறுபடி போடும் வேலையும் சேர்ந்துகொள்ளும்.

காணாமற்போகும் பெட்டிகளில் பெரும்பாலானவை இரண்டொரு நாளில் வந்துவிடும். ஆனால் பாட்டியின் ரத்த அழுத்த மாத்திரையும், தாத்தாவின் சர்க்கரை மாத்திரையும் அந்தப் பெட்டிக்குள் இருந்தால்? பல வெளிநாடுகளில் டாக்டர் சீட்டு இல்லாமல் மருந்துக் கடைக்காரர் இந்த மாத்திரைகளைத் தரமாட்டார். மருந்து, மருந்துச் சீட்டு, நகை, பாஸ்போர்ட், ஒரு மாற்று உடை ஆகியவை கைப்பையிலேயே இருக்க வேண்டும்.

பெட்டி வரவில்லை என்றால் வெளியே வந்துவிடக் கூடாது. அங்கேயே விமானக் கம்பெனி கவுண்டரில் புகார் எழுதி, நகல் வாங்க வேண்டும். சேதம் என்றால் 7 நாளைக்குள், தாமதம் என்றால் பெட்டி கையில் கிடைத்த 21 நாளைக்குள் எழுத்து மூலம் கேட்க வேண்டும். 21 நாள் ஆகியும் வராத பெட்டி தொலைந்த கணக்கு. மாண்ட்ரீல் உடன்படிக்கைப்படி 2024 டிசம்பர் 28 முதல் நஷ்ட ஈட்டின் உச்சவரம்பு ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர். நம் பணத்தில் ஒன்றே முக்கால் லட்சத்துக்கு மேல். இது உச்சவரம்புதான். உள்ளே என்ன இருந்தது என்று காட்டினால்தான் கிடைக்கும். பெட்டியை மூடும் முன் செல்போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்தால் கைகொடுக்கும்.

நாலு பேருக்கு ஒன்று!

அப்படியானால் கைப்பை கட்சிதான் ஜெயித்ததா? அதுவும் இல்லை.

இளவட்டங்கள் இரண்டு பேர் போனால் கைப்பையே தாராளம். கைக்குழந்தை இருக்கிறது, வயதானவர்கள் வருகிறார்கள் என்றால் நிலைமை வேறு. பால் பவுடர், நாப்கின், போர்வை, பாட்டிக்குப் பழக்கமான கோதுமை ரவை... இதையெல்லாம் மேல் பரணில் தூக்கி வைப்பது யார்? வீல் சேரில் இருப்பவரின் 10 கிலோவையும் சேர்த்து மகன்தானே சுமக்க வேண்டும்!

நாலு பேர் குடும்பத்துக்கு ஆளுக்கொரு கைப்பை, எல்லாருக்கும் பொதுவாக ஒரே ஒரு செக்-இன் பெட்டி. அதுவும் டிக்கெட் போடும்போதே பணம் கட்டியதாக இருக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளுக்கு இதுதான் சரிப்படும். அந்த ஒரு பெட்டியிலும் நாலு பேர் துணியையும் கலந்து வைக்க வேண்டும். ஒரே பெட்டிதானே என்று அமுக்கி அமுக்கி அடைக்கவும் கூடாது. தனிப் பெட்டி 32 கிலோவைத் தாண்டினால் பணம் கட்டினாலும் வாங்கமாட்டார்கள். தூக்கிப் போடும் தொழிலாளியின் முதுகெலும்பை நினைத்து வைத்த விதி. அமெரிக்க வழித்தடங்களில் பெரும்பாலும் பெட்டி எண்ணிக்கைக் கணக்கு. சாதாரண வகுப்பில் பெட்டி ஒன்றுக்கு 23 கிலோ.

திரும்பி வரும்போது?

போகும்போது முறுக்கு இருந்த இடம் வரும்போது காலியாக இருக்கும் என்பது ஒரு நம்பிக்கை. சிங்கப்பூர் முஸ்தபா கடைக்குள் ஒருமுறை நுழைந்து வந்தவர்களிடம் அந்த நம்பிக்கை இருக்காது! கோடாலித் தைலம், சாக்லேட், சென்ட் பாட்டில், டார்ச் லைட் என்று கூடை நிரம்பும். போகும்போது 25 கிலோ வாங்கிவிட்டு, வரும்போதும் அதே 25 கிலோ போதும் என்று நினைப்பவர்கள்தான் அங்கே கவுண்டரில் வெளிநாட்டுப் பணத்தில் தண்டம் கட்டுகிறார்கள்.

இதில் உச்சக்கட்ட வேடிக்கை ஒன்று உண்டு. வெளிநாட்டுக் கடையில் ஆசை ஆசையாக நாலு டி-சர்ட் வாங்கி, வீட்டுக்கு வந்து கழுத்துப் பட்டியைப் பார்த்தால் 'மேட் இன் இந்தியா' என்று இருக்கும். அனுப்பர்பாளையத்திலோ அவினாசி ரோட்டிலோ தைத்த சரக்காகக்கூட இருக்கலாம். கப்பலில் போன டி-சர்ட்டுக்கு விமானக் கட்டணம் கொடுத்துத் திரும்பக் கூட்டி வந்த கதை!

பெட்டியைக் கொக்கியில் மாட்டித் தூக்கிப் பார்க்கும் கைத்தராசு கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அது இல்லாவிட்டாலும் கம்பெனி பேக்கிங் செக்ஷன் தராசு இருக்கவே இருக்கிறது. முந்தின நாள் சாயங்காலமே எடை பார்த்துவிட்டால் கழிக்க வேண்டியதை வீட்டிலேயே கழிக்கலாம். வெளிநாட்டு விமானங்களுக்குப் பெரும்பாலும் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கவுண்டரை மூடிவிடுவார்கள். தரையில் பெட்டியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்தால், பாட்டியின் முறுக்கு டப்பாவுக்கு இடம் கண்டுபிடிப்பதற்குள் அந்த நேரமும் ஓடிவிடும்.