வேட்டை 90 நாள்... வழக்கு 31 வருஷம்!

ஹாஸ்டல் ரூம்ல ஒரே லேப்டாப்பைச் சுத்தி ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து, 'தி ஹன்ட்' தொடரை விடிய விடியப் பார்த்த கோஷ்டியா நீங்க? அப்போ இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். பார்க்காதவங்களும் தாராளமா வரலாம்!

ராஜீவ் காந்தி கொலை வழக்கை வெச்சு நாகேஷ் குக்குனூர் இயக்கிய தொடர் அது. 2025 ஜூலையில் சோனி லிவ்ல வந்துச்சு. பத்திரிகையாளர் அனிருத்ய மித்ரா எழுதின புத்தகம்தான் மூலம். சிறப்புப் புலனாய்வுக் குழுவின் தலைவர் டி.ஆர்.கார்த்திகேயனாக அமித் சியால் நடிச்சிருக்கார். செத்துப்போன போட்டோகிராபரின் கேமராவில் மிஞ்சிய படங்கள், அதில் தெரியும் முகங்கள், வீடு வீடா தேடல், கடைசியில் பெங்களூரு கோணனகுண்டேயில் சிவராசன் தங்கியிருந்த வீட்டு முற்றுகை... சீட் நுனியில உட்கார வைக்கிற சமாச்சாரம்!

ஆனா ஒரு கேள்வி பாஸ். சிவராசன் கதை 1991 ஆகஸ்ட் 20-ல் முடிஞ்சுது. வழக்கு? அது 2022 நவம்பர் 11 வரைக்கும் ஓடுச்சு. வேட்டை மூணு மாசம், வழக்கு முப்பத்தோரு வருஷம்! சினிமாவும் சீரியலும் அந்த மூணு மாசத்தைத்தான் விரும்பும். மிச்சக் கதை கோர்ட்டில் இருக்கு. பரபரப்பு கம்மி, ஆனா நமக்குத் தேவையான விஷயம் அதில்தான் ஜாஸ்தி.

நம்ம ரூட்டுதான்!

ஷிப்ட் பஸ்ஸிலோ, இன்ப்ளான்ட் ட்ரெயினிங்குக்கோ ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை பக்கம் போறவங்க ஸ்ரீபெரும்புதூர் நினைவிடத்தை ஜன்னல் வழியா பார்த்திருப்பீங்க. 1991 மே 21 ராத்திரி தேர்தல் கூட்டத்துக்கு வந்த ராஜீவ் காந்தி, மனித வெடிகுண்டாக வந்த தனுவால் கொல்லப்பட்ட இடம் அது. கூடவே காவலர்கள் உட்பட பத்துக்கும் மேற்பட்டவங்க உயிர் போச்சு. அப்போ இந்த ஏரியாவில் ஹூண்டாயும் கிடையாது, ஒரகடத்தில் கார் கம்பெனிகளும் கிடையாது. நினைவிடத்தை 2003-ல் அப்துல் கலாம் திறந்து வெச்சார். அங்கே நிற்கிற ஏழு தூண்களில் ஒண்ணு நியாயத்துக்கு. உள்ளே போனா அதைத் தேடிப் பாருங்க.

அதே ரூட்டில் சென்னை பக்கம் திரும்பினா பூந்தமல்லி. இந்த வழக்கு நடந்த தடா நீதிமன்றம் அங்கேதான். 41 பேர் மேல குற்றப்பத்திரிகை. அதில் 12 பேர் ஏற்கெனவே இறந்தாச்சு. பிரபாகரன், பொட்டு அம்மான், அகிலா மூணு பேரும் 'தலைமறைவு'. மிச்சம் 26 பேர் கூண்டில். விசாரணை பூட்டிய கதவுக்குள் நடந்துச்சு. 288 சாட்சிகள். 1998 ஜனவரி 28-ல் நீதிபதி நவநீதம் தீர்ப்பு சொன்னார். 26 பேருக்கும் தூக்கு!

26 = 4 + 3 + 19

தடா சட்டத்தில் ஹைகோர்ட் ஸ்டாப்பிங் கிடையாது. அப்பீல் நேரா உச்ச நீதிமன்றம்தான். நீதிபதிகள் கே.டி.தாமஸ், டி.பி.வாத்வா, காத்ரி மூணு பேரும் 1999 மே 11-ல் தீர்ப்பு சொன்னாங்க. நளினி, முருகன், சாந்தன், பேரறிவாளன் நாலு பேருக்குத் தூக்கு உறுதி. ராபர்ட் பயஸ், ஜெயக்குமார், ரவிச்சந்திரன் மூணு பேருக்கு ஆயுள். மிச்சம் 19 பேர் மேல கொலைச் சதி நிரூபணமாகலை. சின்னச் சின்னக் குற்றங்களுக்கான தண்டனைக் காலமும் ஏற்கெனவே கழிஞ்சதால விடுதலை.

கொஞ்சம் நின்னு யோசிங்க. கீழ் கோர்ட்டில் தூக்கு வாங்கின 26 பேரில் 19 பேர், மேல் கோர்ட்டில் வீட்டுக்குப் போறாங்க. அப்பீல்னு ஒண்ணு இல்லாம இருந்திருந்தா?

இன்னொரு ஆச்சரியம். இது தடா குற்றமே இல்லைன்னு உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. அரசாங்கத்தை மிரட்டணும், மக்களைப் பீதியாக்கணும்கிற நோக்கம் நிரூபிக்கப்படலை, குறி ராஜீவ் ஒருத்தர் மட்டும்தான்னு விளக்கம். ஆயுதம் ஏந்திய இயக்கம் செஞ்சதாலேயே ஒரு கொலை 'அரசுக்கு எதிரான பயங்கரவாதம்' ஆகிடாது, நோக்கத்தை நிரூபிக்கணும். ஆனா தடாவில் வாங்கின வாக்குமூலங்கள் மட்டும் செல்லும்னு அதே தீர்ப்பு சொல்லுச்சு. அங்கேதான் சிக்கல்!

9 வோல்ட் சமாச்சாரம்

சாதாரணச் சட்டப்படி, போலீஸ்கிட்ட "நான்தான் செஞ்சேன்"னு சொன்னா அது கோர்ட்டில் செல்லாது. வெள்ளைக்காரன் காலத்துச் சாட்சியச் சட்டத்திலும் அப்படித்தான், இப்போ வந்திருக்கிற புதுச் சட்டத்திலும் அப்படித்தான். காரணம் ஸ்டேஷன் வாசலில் நின்ன எல்லாருக்கும் தெரியும். தடாவோட 15-வது பிரிவு இதைத் தலைகீழாக்குச்சு. எஸ்.பி. ரேங்க்ல உள்ள அதிகாரி எழுதி வாங்கினா போதும், அது சாட்சியம். கூட இருக்கிற மத்தவங்களுக்கு எதிராகவும் செல்லும்!

பேரறிவாளனை எடுத்துக்கோங்க. கைதானப்ப வயசு 19. எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன் டிப்ளமோ. நம்ம செட்டுன்னு வெச்சுக்கோங்களேன். அவர் மேல இருந்த முக்கியக் குற்றச்சாட்டு, 9 வோல்ட் பேட்டரி ரெண்டு வாங்கி சிவராசன்கிட்ட கொடுத்தது. அதுதான் வெடிகுண்டு பெல்ட்டில் போச்சுன்னு வழக்கு. மினி ப்ராஜெக்ட்டுக்கு ரிச்சி ஸ்ட்ரீட்டில் நாம வாங்குற அதே சைஸ் பேட்டரி. பேட்டரி வாங்குறது குற்றமில்லை. எதுக்குன்னு தெரிஞ்சே வாங்கினாரா என்பதில்தான் ஒரு உயிர் தொங்குச்சு.

அவரோட வாக்குமூலத்தை எழுதின சி.பி.ஐ. அதிகாரி வி.தியாகராஜன், 2013-ல் வெளிப்படையா ஒண்ணு சொன்னார். பேட்டரி எதுக்குன்னு தனக்குத் தெரியாதுன்னு பேரறிவாளன் சொன்னதைத் தான் எழுதலைன்னு! ஒரே ஒரு வாக்கியம் விட்டுப்போச்சு, நண்பர்களே. அதுக்குள்ள 22 வருஷம் ஓடிப்போச்சு. சிறைக்குள்ளேயே பி.சி.ஏ., எம்.சி.ஏ. முடிச்ச பேரறிவாளன் வெளியே வந்தது 2022 மே 18-ல். வயசு 50.

இடையில் நடந்ததும் சாதாரணம் இல்லை. நளினியின் தூக்கு 2000-ல் ஆயுளாச்சு. மத்த மூணு பேரோட கருணை மனு 11 வருஷம் டெல்லியில் தூங்கி, 2011-ல் நிராகரிப்பு. செப்டம்பர் 9-ன்னு தேதியே குறிச்சாங்க. பத்து நாள் முன்னாடி சென்னை ஹைகோர்ட் தடை போட்டுச்சு. இவ்வளவு தாமதமே பெரிய தண்டனைன்னு சொல்லி 2014-ல் உச்ச நீதிமன்றம் தூக்கை ரத்து செஞ்சுது. 2018-ல் தமிழக அமைச்சரவை ஏழு பேரையும் விடச் சொல்லி பரிந்துரைச்சும், ஆளுநர் மாளிகையில் பைல் நகரலை. கடைசியில் 142-வது பிரிவைக் கையில் எடுத்து உச்ச நீதிமன்றமே விடுதலை செஞ்சுது. கவனிங்க, இது விடுதலைதான். 'நிரபராதி'ன்னு கோர்ட் சொல்லலை.

இன்னொரு வாசல்

இதோட நிறுத்தினா பாதிக் கதைதான். அன்னிக்கு கூட்டத்துக்குப் பந்தோபஸ்துக்குப் போன காவலர்களின் குடும்பங்கள் இருக்கு. பார்க்கப் போனவங்க குடும்பங்கள் இருக்கு. விடுதலை கூடாதுன்னு அவங்களில் சிலர் 2014-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனாங்க. 2019-ல் மனு தள்ளுபடி ஆச்சு. அவங்க கோபத்தை 'அரசியல்'னு ஒதுக்க நமக்கு என்ன உரிமை? அதே சமயம் சாந்தனையும் நினைச்சுப் பாருங்க. விடுதலையாகியும் ஊருக்குப் போக முடியாம திருச்சி சிறப்பு முகாமில் இருந்தவர், 2024 பிப்ரவரியில் சென்னை ஆஸ்பத்திரியிலேயே இறந்துட்டார். ரெண்டு பக்கமும் அம்மாக்கள்தான் காத்திருந்தாங்க.

குற்றவாளிக்குத் தண்டனை வேணும்கிறவங்களுக்கும் சரியான விசாரணைதான் வேணும். தப்பான ஆளைப் பிடிச்சா, சரியான ஆள் தப்பிச்சுட்டான்னுதானே அர்த்தம்?

அடுத்த எபிசோடுக்கு முன்னாடி...

தடா 1995-ல் காலாவதியாச்சு. ஆனா அந்த வழக்கு எழுப்பின கேள்விகள் எக்ஸ்பைரி ஆகலை. இனிமே எந்த க்ரைம் தொடர் பார்த்தாலும், சூப்பர் போலீஸ் மேஜையைத் தட்டி "ஒத்துக்கிட்டான் சார்!"னு சொல்ற சீனில் பாஸ் பட்டனை அமுக்குங்க. மூணே கேள்வி. யார்கிட்ட ஒத்துக்கிட்டான்? யார் எழுதினாங்க? எதை எழுதாம விட்டாங்க?

பதில் கிடைச்சா ப்ளே பண்ணுங்க!